காயமில்லாத நோவுக்குச் சாட்சி யார்?



வாவிக்கரையில் தோணியிலிருந்து இறங்கும் ஒருவரின் பாதத்தை மட்டி வெட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் வடிகிறது. கரையில் நிற்பவர் எவரும், "உனக்கு உண்மையாகவே நோகிறதா?" என்று கேட்பதில்லை. ஒருவர் சாரத்தைக் கிழித்துக் கட்டுவார். மற்றவர் தமது சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைவார். அங்கே காயமே சாட்சி சொல்லிவிடுகிறது.

இப்பொழுது இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். அவரும் அதே கரையில் வாழ்பவர்தான். அவருடைய பாதத்தில் வெட்டும் இல்லை, வீக்கமும் இல்லை. "இரவு முழுவதும் கால் நெருப்பாய் எரிகிறது, ஒரு கண் நித்திரை இல்லை" என்று அவர் சொல்கிறார். நாம் காலைப் பார்க்கிறோம். பிறகு அவருடைய முகத்தைப் பார்க்கிறோம். "கால் நல்லாத்தானே இருக்கு!" என்கிறோம். இவருக்குச் சாட்சி யார்? அவருடைய சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சொல்லை நம்புவது நாம் அவருக்குச் செய்யும் தருமமா, அல்லது நாம் அவருக்குக் கொடுக்க வேண்டிய கடனா? இக்கேள்வியையே இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் நாம் சொல்லும் நோய் இன்று எட்டிப் பார்க்காத வீடு அரிது. 2005-06 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டு எனக் கண்டது. போர் நடந்துகொண்டிருந்தபடியால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. பின்னர் 2018-19 இல் நாடு தழுவி நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோரிடம் நீரிழிவு காணப்பட்டது. கண்ணையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும் என்பதை நாம் அறிவோம். நரம்புகளைக் கெடுக்கும் என்பதையோ அவ்வளவாகப் பேசுவதில்லை. நீண்ட காலம் நீரிழிவோடு வாழ்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நரம்புகள் ஏதோ ஓர் அளவில் பாதிப்படைகின்றன. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அப்பாதிப்பு கடும் நோவாக வெளிப்படுகின்றது.

இரவில் விழிக்கும் நோவு

அந்த நோவு எத்தகையது என்பதை அனுபவிப்பவர்களிடமே கேட்டுப் பாருங்கள். முதலில் கால் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல இருக்கும். எறும்பு ஊர்வது போல இருக்கும். பின்னர் அது எரிவாக மாறிப் பாதம் முழுவதும் பரவும். சிலருக்குத் திடீரென்று மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு வெட்டிப் போகும். போர்வையின் ஓரம் பட்டாலும் தாங்க முடியாது. பகலில் வேலைப் பராக்கிலே ஓரளவு மறந்திருக்கும் நோவு, வீடு அடங்கி விளக்கு அணைந்த பின் விழித்துக்கொள்கின்றது. கட்டிலை விட்டிறங்கி, குளிர்ந்த சீமெந்துத் தரையிலே பாதங்களை வைத்தபடி விடியும்வரை இருப்பவர்கள் நம்மிடையே உண்டு.

ஏன் காலில் தொடங்குகிறது? நாரியிலிருந்து கால் விரல்வரை ஓடும் நரம்பு இழைகளே நம் உடலில் மிக நீளமானவை. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம் வரும். இரத்தத்தில் சீனி ஆண்டுக்கணக்கில் கூடியிருக்கும்போது இவ்விழைகளும், இவற்றுக்கு உணவு கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நலிவடைகின்றன. நீளமான இழையே முதலில் நலிகின்றது. பாதத்தில் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல மேலேறி, பிறகு கை விரல்களுக்கும் வரலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோவையும் சூட்டையும் உணர்த்துபவை மிக மெல்லிய இழைகள். நரம்பின் வேகத்தை அளக்கும் மின்கருவியோ தடித்த இழைகளையே அளக்கின்றது. ஆகவே மெல்லிய இழைகள் மாத்திரம் பழுதுபட்டிருக்கும்போது, அந்தப் பரிசோதனையிலே யாவும் சரியாக இருப்பதாக முடிவு வரக்கூடும். வீட்டாரின் கண்ணுக்கும் தெரியவில்லை, கருவிக்கும் தெரியவில்லை. அப்படியானால் நோவு இல்லை என்று முடிவு கட்டலாமா?

நரம்பு சொல்லும் பொய்

யாரும் கயிற்றை இழுக்காமலே நடுச்சாமத்தில் கோயில் மணி அடிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். தீ விபத்தோ என்று ஊரார் ஓடி வருகிறார்கள். எங்கும் தீ இல்லை. நரம்பு நோவும் இத்தகையதே. பழுதடைந்த இழை, காலில் நெருப்புப் பட்டதாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றது. உண்மையில் நெருப்பு இல்லை. ஆனால் மூளைக்கு அந்தச் செய்தி உண்மையான நெருப்பின் செய்தியைப் போலவே வந்து சேர்கின்றது. எரிகின்ற உணர்வில் ஓர் அணுவும் குறைவதில்லை.

இங்கேதான் நாம் தவறி விடுகிறோம். "காலில் ஒன்றும் இல்லை" என்பது சரி. "ஆகவே உனக்கு நோகவில்லை" என்பது பிழை. நரம்பு பொய் சொல்லலாம். நோயாளி பொய் சொல்லவில்லை. மணி அடித்ததைக் கேட்டேன் என்றுதான் அவர் சொல்கிறார். தீ இருந்ததா என்பது வேறு கேள்வி.

1979 ஆம் ஆண்டில் சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் நோவுக்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. உடலில் சேதம் இருப்பதை மட்டும் வைத்து நோவை அளக்க முடியாது என்பதை அது அப்போதே ஏற்றுக்கொண்டது. 2020 இல் அவ்வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகிறது என்று சொல்வது மதிக்கப்பட வேண்டும் என்ற கருத்தையும் அதனுடன் சேர்த்துக்கொண்டது. உலகத்து வைத்திய அறிஞர்கள் கூடி எழுதிய முடிவு இது. நம் வீட்டுத் திண்ணையிலோ இது இன்னும் வந்து சேரவில்லை.

மாந்தீவு தரும் பாடம்

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு என்றொரு தீவு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொழுநோயாளருக்கென்று வைத்தியசாலை அமைக்கப்பட்ட இடம் அது. வீட்டையும் ஊரையும் பிரிந்து, தோணியேறிப் போய், அங்கேயே வாழ்ந்து மறைந்தவர்கள் பலர். அந்நோய் உடலை அழுகச் செய்கிறது என்றே உலகம் நீண்ட காலம் நம்பியிருந்தது.

கொல்லிமலையில் 1914 இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் போல் பிரான்ட் என்னும் ஆங்கிலேயர், 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கைகால்களை அவர் ஆண்டுக்கணக்கில் கூர்ந்து கவனித்தார். விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழவில்லை. நரம்பு செத்து நோவு அற்றுப்போனதால் வந்த காயங்களே அவற்றை அழித்தன என்று கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், சுடுவது தெரியாது. முள் ஏறிய காலோடு நாள் முழுவதும் நடப்பார்கள், குத்துவது தெரியாது. நித்திரையில் எலி வந்து விரலைக் கடித்தாலும் விழிக்க மாட்டார்கள். இதைக் கண்டறிந்த பின் நோயாளருக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. 1966 இல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்னும் இடத்திலுள்ள தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே நீரிழிவு நோயாளரின் பாதங்களிலும் அதே கதையையே கண்டார். தொழுநோயாளரின் உணர்வைச் சோதிக்கப் பயன்பட்ட நைலான் இழையால் இன்று நீரிழிவுக் கிளினிக்குகளில் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ஆக, ஒரே நீரிழிவு ஒரு காலை எரிய வைக்கிறது. இன்னொரு காலை விறைக்க வைக்கிறது. சில வேளைகளில் ஒரே பாதத்திலே இரண்டும் உண்டு: உள்ளே எரிவு, தோலில் உணர்வின்மை. நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர்வரை எந்த நோவையும் உணர்வதில்லை. வைத்தியர்கள் அதிகம் அஞ்சுவது அந்த மௌனமான காலுக்கே. புண் வந்து, சீழ் பிடித்து, கால் எடுக்க வேண்டிய நிலை வருவது பெரும்பாலும் அந்த வழியிலேதான்.

டாக்டர் பிரான்ட் நோவை ஒரு கொடை என்று போற்றியவர். நோவுக்குப் பதிலாக ஒரு கருவியைச் செய்யவும் அவர் முயன்றார். கையுறையிலே அழுத்தத்தை உணரும் கருவிகளை வைத்து, ஆபத்து வரும்போது ஓசை எழுப்பச் செய்தார். பின்னர் மின்னதிர்ச்சி கொடுக்கச் செய்தார். நோயாளர்களோ தமக்கு வசதியில்லாதபோது அதை நிறுத்திவிட்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது.

இதைப் படிக்கும் ஒருவர், "அப்படியானால் நோவு நல்லது, பொறுத்துக்கொள்" என்று நரம்பு நோவுக்காரருக்குப் புத்தி சொல்லப் புறப்படலாம். அது பொருந்தாது. முள் குத்தும்போது வரும் நோவு உண்மை சொல்கிறது: "காலைத் தூக்கு" என்கிறது. தூக்கினால் அடங்குகிறது. நரம்பு நோவோ எதையும் எச்சரிப்பதில்லை; எதைச் செய்தாலும் அடங்குவதில்லை. பயனுள்ள நோவைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளைப் பயனற்ற நோவின்மேல் தூக்கிப் போடுவது நீதியாகாது.

பழியும் பொறுப்பும்

"வாயைக் கட்டவில்லை, இப்போது படுகிறார்." நீரிழிவுக்காரரைப் பற்றி இவ்வாறு பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை அவருடைய காதிலே விழும்படியாகவே பேசப்பட்டிருக்கும். இதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

சீனியைக் கட்டுப்படுத்துவது நரம்பைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. முதலாம் வகை நீரிழிவு உள்ளோரிடம் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கவனமான சிகிச்சை நரம்புப் பாதிப்பை ஏறத்தாழ 60 வீதம் குறைத்ததாகக் காட்டிற்று. ஆனால் நம் ஊர்களில் பெருமளவில் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில் அப்பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. பரம்பரையும் வயதும் நோய் இருந்த காலமும் தம் பங்கைச் செய்கின்றன. தெற்காசியராகிய நமக்கு உடல் அதிகம் பருக்காமலே இந்நோய் வருகின்றது. மூன்று வேளையும் சோற்றையும் தேநீர்ச் சீனியையும் நம்பி வாழ்வது பலருக்கு ஆசையால் வந்த பழக்கமல்ல. கையில் உள்ள காசு அவ்வளவே. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து கிளினிக்குக்கு வருபவருக்கு ஒரு நாட் கூலி போய்விடுகிறது.

இன்னும் வியப்பான ஒரு செய்தி உண்டு. நீண்ட நாள் உயர்ந்திருந்த சீனியை மிக விரைவாகக் குறைக்கும்போதும் சிலருக்குக் கடுமையான நரம்பு நோவு தோன்றுகின்றது. இன்சுலின் தொடங்கிய பின் இவ்வாறு நோவு கண்ட ஒரு நோயாளியைப் பற்றி அமெரிக்க வைத்தியர் ஒருவர் 1933 இலேயே எழுதியிருக்கிறார். அநேகமாக மாதக்கணக்கில் அது தணிந்துவிடும். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நான் இங்கே குறிப்பிட விரும்புவது வேறு. வைத்தியரின் சொற்படி நடக்கத் தொடங்கிய மாதத்திலேயே ஒருவருக்கு நோவு தொடங்கக்கூடும். "கட்டுப்பாடில்லாததால் வந்த தண்டனை" என்னும் தீர்ப்பு அவர்மேல் எவ்வளவு அநியாயமாக விழும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழி நேற்றைய நாளைப் பற்றியது. பொறுப்பு நாளைய நாளைப் பற்றியது. "நாளை முதல் நடந்து பார், குளிசையைத் தவறவிடாதே, நானும் கூட வருகிறேன்" என்பது பொறுப்பைப் பகிர்வது. "அன்றைக்கே சொன்னேனே" என்பது பழியைச் சுமத்துவது. முன்னையது கால்களை நடக்க வைக்கும். பின்னையது வாயை மூட வைக்கும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையிலே மௌனமாக இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து, இந்தத் துன்பத்துக்கு நீ என்ன பாவம் செய்தாய் என்று காரணம் தேடியபோதுதான் பிழைத்தார்கள்.

"இதைவிடப் பெரியதைப் பார்த்தவர்கள் நாம்"

நம் பிரதேசத்துக்கே உரிய ஒரு தடையும் உண்டு. மூன்று தசாப்தப் போரைக் கண்ட மண் இது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள் நம் அயலில் வாழ்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து ஒரு காலை வேளையிலே குடும்பங்களைக் கொண்டுபோயிற்று. இவையெல்லாம் கண்ட ஊரில், கால் இருக்கிற ஒருவர் கால் எரிகிறது என்று சொல்ல வெட்கப்படுகிறார். சொன்னால், "காலே இல்லாதவர்கள் பேசாமல் இருக்கிறார்கள், உனக்கென்ன?" என்ற பதில் வருமென்று அவருக்குத் தெரியும்.

இந்தப் பதில் நியாயம்போலத் தோன்றும். உண்மையில் அதில் நியாயமில்லை. நோவு சங்கக்கடை வரிசையன்று. முன்னே நிற்பவருக்கு இரக்கம் கொடுத்துவிட்டால் பின்னே நிற்பவருக்குக் கொடுக்க இல்லாமற் போவதில்லை. கால் இழந்தவரின் துயரத்தை மதிப்பதற்கு, கால் எரிபவரின் வாயை அடைக்க வேண்டிய தேவையும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், வெட்டி எடுத்த காலிலும் நோவு வரும் என்பதைக் கால் இழந்தவர்கள் பலர் அறிவார்கள். இல்லாத விரல் குடைகிறது என்று அவர்கள் சொல்லும்போது, அதற்கும் காயம் சாட்சியாக வருவதில்லை. அவ்விருவரும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

பொறுத்துக்கொள்வது புண்ணியமா?

"ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்" என்பது நம்மவர் மத்தியில் அடிக்கடி சொல்லப்படும் ஆறுதல். துன்பத்தைத் தாமாக ஒப்புக்கொடுப்பவரின் விசுவாசத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளக்கூடிய வார்த்தை, மற்றவர் வாயிலிருந்து வரும்போது கட்டளையாகி விடுகிறது. மயக்க மருந்து வைத்தியர்கள், நோவு நீக்கும் மருந்தை மறுத்து உடல் வேதனையை ஏற்பது பொதுவான கடமையா என்று கேட்டபோது, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பெப்ரவரி 24 ஆம் திகதி அவர்களுக்கு ஆற்றிய உரையில், அப்படியொரு பொதுவான கடமை இல்லை எனத் தெளிவுபடுத்தினார். நோவுக்கு மருந்து தேடுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் இதை மனதிற்கொள்ளல் நன்று.

மருந்து உண்டா? உண்டு; ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சாதாரண நோக்குளிசையாகிய பரசிற்றமோல் இந்த நோவுக்கு அதிகம் உதவுவதில்லை. அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின் போன்றவை மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துகள். கபாபென்ரின், பிரிகபலின் என்பவை வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுபவை. இவை நரம்பின் பொய்ச் செய்தியை அடக்க வல்லவை. நோவு பாதியாகக் குறைந்தாலே வைத்தியர்கள் அதை நல்ல பலன் என்று கொள்வார்கள். எல்லாருக்கும் அவ்வளவு பலன் கிடைப்பதுமில்லை. தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றும் வரலாம். ஆகவே முதியோர் விழாமல் கவனிக்க வேண்டும். மிளகாயின் காரத்திலிருந்து எடுக்கப்படும் பூச்சு மருந்தும் உண்டு. அதற்காக வீட்டு மிளகாயை அரைத்துக் காலில் பூசி விடாதீர்கள். உணர்வற்ற தோல் வெந்து போகும். மெற்போமின் குளிசையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 விற்றமின் குறைந்து, அதனாலும் நரம்பு கெடலாம். அதைச் சோதிக்க வைத்தியரிடம் கேட்கலாம்.

இங்கேயும் நம்பாமை குறுக்கே நிற்கிறது. "இது மனநோய்க்குக் கொடுக்கிற குளிசையாம்" என்று யாரோ சொல்லக் கேட்டு, நோயாளி அதை எறிந்துவிடுகிறார். "எனக்குப் பைத்தியம் என்றா டாக்டர் நினைத்தார்?" என்று மனம் புண்படுகிறது. ஏற்கெனவே வீட்டார் நம்பாதிருந்தபடியால், வைத்தியரும் நம்பவில்லை என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். உண்மையோ நேர்மாறானது. அவருடைய நோவை உண்மை என்று ஏற்றதினாலேயே வைத்தியர் அம்மருந்தை எழுதியிருக்கிறார்.

இரு பக்கத்துக் கடமை

வாசகரே, நம்ப வேண்டும் என்று சொல்லும்போது, கூட வாழ்பவரின் பாரத்தை மறந்துவிடலாகாது. ஒவ்வொரு சாமமும் எழுந்து விளக்கைப் போட்டு, விசிறி, தண்ணீர் கொடுத்து, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் மனைவிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் உடல் உண்டு, சலிப்பும் உண்டு. தீர்க்க முடியாத நோவின் அருகில் இருப்பது கடினம். "நடிக்கிறார்" என்று சொல்லிவிட்டால் நமது கையாலாகாமையின் வேதனை குறைகிறது. நம்பாமையின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. ஆனால் நம்புவது என்றால் தீர்த்துவைப்பது என்று பொருளல்ல. "உனக்கு நோகிறது, என்னால் அதை எடுத்துப்போட முடியவில்லை" என்று சொல்ல எவராலும் முடியும். அந்தக் கடன் நம் கைக்கெட்டாத கடனன்று.

சிலர் மிகைப்படுத்தலாமே என்பீர்கள். இருக்கலாம். மிகைப்படுத்துபவர் ஒருவரை நம்பிவிட்டால் நாம் இழப்பது சிறிது நேரம். உண்மையாக வருந்துபவரை நம்பாமல் விட்டால் அவர் இழப்பது தம் வீட்டையே. ஒரே கூரையின் கீழ் அவருக்கென்று ஒரு மாந்தீவு உண்டாகிவிடுகிறது. அங்கே போய்வரத் தோணியும் இல்லை.

நோவுபடுபவருக்கும் கடமை உண்டு. முதலாவது, சொல்வது. எங்கே, எப்போது, எப்படி என்று தெளிவாகச் சொல்லுங்கள். எரிவா, குத்தா, விறைப்பா? எத்தனை இரவு நித்திரை கெட்டது? கிளினிக்கிலே சீனியின் அளவை மட்டும் கேட்டால், காலைப் பற்றி நீங்களாகவே வாய் திறவுங்கள். இரண்டாவது, நோவு உங்கள் நாக்கை ஆள இடம் கொடாதிருப்பது. நோகும்போது கடுஞ்சொல் வரும். அது மனித இயல்பு. விடிந்த பின் ஒரு நல்ல வார்த்தை சொல்வதும் மனிதரால் முடிந்ததே. மூன்றாவது, காலைக் காப்பது. எரிவு தணியச் சுடுநீரில் காலை வைக்காதீர்கள். சூட்டைச் சரியாக உணராத தோல் உங்களுக்குத் தெரியாமலே பொசுங்கிவிடும். வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஆயித்தியமலைச் சதா சகாய அன்னையிடம் நடந்து போக நேர்த்தி வைத்தவரானாலும், கதிர்காமப் பாதயாத்திரை போகிறவரானாலும், தீமிதிக்கக் காப்புக் கட்ட எண்ணுகிறவரானாலும், விறைத்த கால் உங்களை எச்சரிக்காது என்பதை நினைவில் வையுங்கள். முதலில் காலை வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நடந்து போவதானால் பொருத்தமான சப்பாத்தோடு போங்கள். நேர்த்தியின் பலன் செருப்பினால் குறைவதில்லை.

நோவு அற்ற காலுக்கு நேர்வதே, நோவைச் சொல்ல முடியாத வீட்டுக்கும் நேர்கிறது. நம்பப்படாதவர் மெல்ல மெல்லப் பேசுவதை நிறுத்துகிறார். வீட்டார், "இப்போது சுகம்போல" என்று நினைக்கிறார்கள். அவரோ கொதிக்கும் தாரிலே நடந்து வந்த கொப்புளத்தையும் சொல்வதில்லை. விரலிடையில் வந்த புண்ணையும் காட்டுவதில்லை. காட்டினால் பழி கேட்க வேண்டும் என்ற பயம். புண் நாற்றம் எடுத்த பின்னரே வீடு அறிகின்றது. அப்போது ஆஸ்பத்திரியில், விரலோடு போகுமா, முழங்காலோடு போகுமா என்ற பேச்சு நடக்கின்றது. அன்று நம்பாமற் போன ஒரு சொல்லின் விலை சில வேளைகளில் ஒரு கால் ஆகிவிடுகிறது.

ஆகவேதான் நோவுபடுபவரின் சொல்லை நம்புவது தருமம் அல்ல, கடன் என்கிறேன். தருமம் கொடுக்க விருப்பமிருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். கடன் அப்படியன்று. காயம்பட்டவருக்கு அவருடைய காயம் சாட்சி சொல்கிறது. காயமில்லாமல் நோவுபடுபவருக்குச் சாட்சி சொல்லக்கூடியவர், அவரோடு வாழ்கின்ற நீங்கள்தான். அந்தச் சாட்சியை மறுப்பது அவருக்குரியதை மறுப்பதாகும்.

இன்றிரவு உங்கள் வீட்டிலோ அயலிலோ இந்த நோயுள்ள ஒருவர் இருந்தால், செய்யக்கூடியவை இரண்டு. "இராத்திரி நித்திரை வந்ததா?" என்று கேளுங்கள்; பதிலை முழுவதும் கேட்டுவிட்டு, புத்தி சொல்லாமல் இருங்கள். பிறகு விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, அவருடைய பாதங்களைக் கையில் எடுத்து, உள்ளங்காலையும் குதியையும் விரலிடைகளையும் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ சிவப்போ இருந்தால் நாளைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், "ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள். "புண் ஒன்றும் இல்லை, நோவு இருக்கிறது, எனக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள்.